பந்தைத் தைத்தது ஆர்?
ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள், உதைபந்தாட்டம், உலகம்

(எங்கள் இளையோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வந்த சொற்களைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



பிள்ளைகளோடு உலக அரசியலை எப்படிக் கதைக்கிறது என்று பேசச் சொன்னீர்கள். அது பெரிய தலைப்பு. நான் அதை ஒரு பந்தளவுக்குச் சுருக்கிக்கொள்கிறேன். இரண்டு வருடமாக, புதன்கிழமைகளில், லண்டனில் ஒரு ஆரம்பப் பள்ளியில் பள்ளி விட்ட பிறகு நடக்கிற உதைபந்தாட்டக் கழகத்தில் உதவி செய்கிறேன். ஏழு வயதிலிருந்து பத்து வயது வரை இருபது, இருபத்திரண்டு பிள்ளைகள். சோமாலி, வங்காளி, போலந்து, தமிழ், கரீபியன், வெள்ளை ஆங்கிலேயர் எல்லாம் கலந்த கூட்டம். ஒரு மணித்தியாலத்தில் நாற்பது நிமிடம் விளையாட்டு. மிச்சம் இருபது நிமிடம் புல்லில் வட்டமாக இருந்து கதைக்கிறது. மழை என்றால் மண்டபத்துக்குள்ளே. லண்டன் என்பதால் பெரும்பாலும் மண்டபம்தான்.

அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

வட்ஸ்அப் குழுவில் ஒரு தோழர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்: “உதைபந்தாட்டம் எண்டாலே பெரிய வியாபாரம். அதை வைச்சு எங்கட அரசியலை எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது?” நியாயமான கேள்வி. ஆனால் பாருங்கோ, அந்த வியாபாரம் எங்களுக்கு முதலே பிள்ளைகளிடம் போய்விட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த ஆட்டக்காரர் எத்தனை மில்லியனுக்கு விற்கப்பட்டார் என்று தெரியும். “விற்கப்பட்டார்” என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள், மனிதனை. அவர்கள் போட்டுக்கொண்டு வருகிற சட்டையின் நெஞ்சிலே விமானக் கம்பனியின் பெயர், சூதாட்டக் கம்பனியின் பெயர். (பிரீமியர் லீக் கழகங்கள் சூதாட்டப் பெயர்களைச் சட்டையின் முன்பக்கத்திலிருந்து எடுக்க ஒத்துக்கொண்டதே 2023இல்தான். அதுவும் 2026–27 பருவத்திலிருந்து. கைப்பகுதியில் போடலாமாம்.) ஒரு நாள் ஒரு பிள்ளை தன் சட்டையைக் காட்டி, “மிஸ், இது என்ன நாடு?” என்று கேட்டது. அது பந்தயக் கம்பனி. அந்தக் கேள்வியை நாங்கள் கொண்டுவரவில்லை, சட்டை கொண்டுவந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு “சமத்துவமின்மை” என்ற சொல் தேவையில்லை. “இது அநியாயம்” என்ற உணர்வு அவர்களுக்கு எங்களைவிடக் கூர்மை. விளையாட்டு மைதானத்தில் அது ஒரு செக்கனில் வெளியே வரும். நாங்கள் செய்ய வேண்டியது விதியைக் கொஞ்சம் மாற்றிவிட்டு ஒதுங்கி நிற்பது.

ஒரு உதாரணம். பதினாறு கூம்புகளை எடுத்தேன். பிள்ளைகளைக் கூட்டங்களாகப் பிரித்தேன். “இது உலகக் கிண்ணம், பதினாறு இடம்” என்று சொல்லி, ஒரு கூட்டத்துக்குப் பத்துக் கூம்பு கொடுத்தேன். அடுத்ததற்கு நாலு. அடுத்ததற்கு ஒன்று. மிச்சமிருந்த மூன்று கூட்டங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு கூம்பு. “நீங்கள் மூன்று பேரும் அடிபட்டு ஒருத்தர் எடுங்கோ” என்றேன். ஒரே கூச்சல். “மிஸ், அவைக்கு ஏன் பத்து?” பத்து வைத்திருந்த கூட்டம் மட்டும் அமைதியாக இருந்தது. அவர்களிடம் கேட்டால், “நாங்கள் நல்லா விளையாடுறம், அதாலதான்” என்று ஒரு பையன் சொன்னான். இன்னும் ஒருவரும் பந்தைத் தொடக்கூட இல்லை!

நான் இதைக் கற்பனையில் செய்யவில்லை. 1966இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கிண்ணத்தில் இடங்கள் இப்படித்தான் இருந்தன: ஐரோப்பா பத்து, தென் அமெரிக்கா நாலு, வட, மத்திய அமெரிக்காவும் கரீபியனும் ஒன்று. ஆபிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலையடைந்து கொண்டிருந்த காலம் அது. இதை அந்த வட்டத்தில் சொல்லிவிட்டு, “நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். அழுவோம், ரெஃபரியிடம் சொல்லுவோம், கூம்பைக் களவெடுப்போம் என்று பல யோசனைகள் வந்தன. கடைசியில் மூன்று கூட்டத்தில் ஒன்றிலிருந்த ஒரு சிறுமி சொன்னாள்: “நாங்கள் விளையாட வரமாட்டம்.”

ஆபிரிக்க நாடுகள் செய்ததும் அதுதான். குவாமே ந்குரூமாவின் கானா முன்னுக்கு நின்றது. 1964இல் ஆபிரிக்க அணிகள் எல்லாம் தகுதிகாண் போட்டியிலிருந்து வெளியேறின. 1966 கிண்ணத்தில் ஒரு ஆபிரிக்க அணியும் இல்லை. பிறகு ஃபிஃபா இறங்கிவந்து ஆபிரிக்காவுக்கென்று தனி இடம் கொடுத்தது. 1970இல் மொரோக்கோ வந்தது. அதே மொரோக்கோ 2022இல் அரையிறுதிக்குப் போன முதல் ஆபிரிக்க அணியானது, பிள்ளைகள் பலருக்கு அது தெரியும். இங்கிலாந்தின் ஒரே உலகக் கிண்ணம் 1966இல்தான் வந்தது என்பதும் இந்த நாட்டில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வருடம் ஆர் வரவில்லை என்பது ஒருவருக்கும் தெரியாது. இந்த விளையாட்டுக்கு எனக்குத் தேவைப்பட்டது பதினாறு கூம்பும் கால் மணித்தியாலமும் மட்டும்.

இனிப் பந்துக்கு வருகிறேன். இதுதான் நான் அதிகம் சொல்ல விரும்புவது.

பழைய மாதிரிக் கறுப்பு வெள்ளைப் பந்தை வட்டத்துக்கு நடுவில் வைத்து, எத்தனை துண்டு என்று எண்ணச் சொல்லுங்கோ. எண்ணி முடிக்கவே நேரம் எடுக்கும், ஏனென்றால் உருண்டையில் எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோகும். பன்னிரண்டு ஐங்கோணம், இருபது அறுகோணம், மொத்தம் முப்பத்திரண்டு. கணக்கு ரீச்சருக்கும் சந்தோஷம். கையால் தைத்தால் ஒரு பந்துக்கு அறுநூற்றைம்பது தையல் அளவில் வரும். பிறகு ஆளுக்கு இரண்டு ஃபெல்ட் துண்டு, துளை போட்டது, மழுங்கின ஊசி, தடித்த நூல். ஒரு பக்கத்தை மட்டும் தையுங்கோ. இருபது நிமிடத்தில் பாதிப் பிள்ளைகள் முடிக்கவில்லை. முடித்தவர்களின் தையல் இழுத்தால் கழன்றது. விரல் நோகுது என்றார்கள். அப்போது கேட்டேன்: இந்தப் பந்தைத் தைத்தது ஆர்?

“மெஷின்” என்றார்கள். எல்லாரும்.

பாகிஸ்தானின் பஞ்சாபில் சியால்கோட் என்று ஒரு ஊர். பிரித்தானியப் படையினருக்குத் தோல் சாமான், விளையாட்டுச் சாமான் செய்து கொடுத்ததில் அந்த ஊரின் தொழில் வேர்விட்டது. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்தில் கையால் தைக்கிற பந்துகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. கம்பனி துண்டுகளை வெட்டி ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கும். ஒப்பந்தக்காரர் கிராமத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். வீட்டில் அம்மா தைப்பார், அப்பா தைப்பார், பிள்ளைகளும் தைப்பார்கள். ஒரு பந்துக்கு இவ்வளவு என்று கூலி. 1996 யூனில் அமெரிக்காவின் ‘லைஃப்’ சஞ்சிகையில் சிட்னி ஷான்பெர்க் எழுதிய கட்டுரை வந்தது. அதில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் நைக் சின்னம் போட்ட பந்தைத் தைத்துக்கொண்டிருக்கிற படம். கட்டுரையின் தலைப்பே மணித்தியாலத்துக்கு ஆறு சதம் என்பதுதான். அதே மாதம் இங்கிலாந்தில் யூரோ 96 நடந்துகொண்டிருந்தது. அந்த வருடம் ஐ.எல்.ஓ. சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் முழுநேரமாகப் பந்து தைப்பதாகத் தெரியவந்தது.

இந்த இடத்தில் பிள்ளைகளிடமிருந்து இரண்டு பதில் வரும். எந்தப் பள்ளியில் செய்தாலும் இந்த இரண்டும்தான் முதலில் வரும் என்று நினைக்கிறேன். ஒன்று: “இனி அந்தப் பந்தை வாங்கக்கூடாது.” மற்றது: “அவைக்குக் காசு சேர்த்து அனுப்புவம்.” புறக்கணிப்பு அல்லது தர்மம். பெரியவர்கள் எங்களுக்கும் வேறென்ன தெரியும் சொல்லுங்கோ?

பெரும்பாலான பாடத்திட்டங்கள் இங்கே நின்றுவிடும். பாவப்பட்ட பிள்ளையின் படம், உண்டியல், கேக் விற்பனை, முடிந்தது. எனக்கு அந்தக் கேக் விற்பனை பிடிக்காது. லண்டனில் இருக்கிற பிள்ளை கொடுக்கிற ஆள், பாகிஸ்தானில் இருக்கிற பிள்ளை வாங்குகிற ஆள் என்று ஒரு படம் மனதில் பதியும். அதுவும் எங்கள் கழகத்தில் பாதிப் பிள்ளைகள் பள்ளியில் இலவசச் சாப்பாடு எடுக்கிறவர்கள். அவர்களை ஒரு மணித்தியாலத்துக்கு வெள்ளைக்காரத் தர்மகர்த்தாவாக வேடம் போடப் பண்ணுகிறோம்.

அதனால் கதையை நிறுத்தாமல் மேலே கொண்டுபோக வேண்டும். 1997 பெப்ரவரியில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள்: சியால்கோட் வர்த்தக சங்கம், ஐ.எல்.ஓ., யூனிசெஃப். பதினாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பந்து தைக்கக்கூடாது. வீட்டில் தைத்தால் கண்காணிக்க முடியாது என்பதால் தையலை வீட்டிலிருந்து எடுத்துத் தையல் நிலையங்களுக்கு மாற்றுவது. பிள்ளைகள் குறைந்தார்கள். அது நல்லது, அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் வீட்டில் இருந்து தைத்த அம்மாக்கள்? கைக்குழந்தையோடு, வீட்டு வேலையோடு, ஊர்க் கட்டுப்பாட்டோடு, எத்தனை பேர் தூரத்து நிலையத்துக்குப் போக முடியும்? பிள்ளையின் கூலியும் நின்று, அம்மாவின் கூலியும் நின்ற வீடுகள் இருந்தன. சேவ் த சில்ரன் அமைப்பு அப்போதே அங்கே போய்ப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கேட்டு எழுதியது. ஏன் தைக்கிறாய் என்றால், வீட்டில் காசு காணாது, அவ்வளவுதான். 2006இல் நைக், வீடுகளுக்கு வேலை போகிறது என்று சொல்லி, சியால்கோட்டின் பெரிய கம்பனி ஒன்றோடு ஒப்பந்தத்தை வெட்டியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் ஒரே அடியில் வேலையை இழந்தார்கள். கம்பனியின் பெயர் சுத்தமாயிற்று.

எட்டு வயதுக்கு இது கூடிப்போச்சா? நானும் முதலில் யோசித்தேன். வேடமாக விளையாடிப் பார்த்தோம். ஒருவர் அம்மா, ஒருவர் மகள், ஒருவர் ஒப்பந்தக்காரர், ஒருவர் கம்பனி முதலாளி, ஒருவர் லண்டன் கடையில் பந்து வாங்குகிற ஆள். அம்மாவாக நடித்த பையன், ஒன்பது வயது, கடைக்காரப் பக்கம் திரும்பிச் சொன்னான்: “நீங்கள் பந்து வாங்காட்டி எனக்கு என்ன லாபம்? எனக்குக் கூடக் காசு தரச் சொல்லுங்கோ.” பிறகு முதலாளியாக நடித்த பிள்ளையைப் பார்த்து, “நாங்கள் எல்லாரும் தைக்காமல் விட்டால் நீ என்ன செய்வாய்?” முதலாளி கொஞ்சம் யோசித்து, “வேற ஊருக்குப் போவன்” என்றது. ஒருவரும் அவர்களுக்கு மூலதனத்தைப் பற்றி ஒரு வரி சொல்லிக் கொடுக்கவில்லை, தோழர்களே. சம்பளம், வேலைநிறுத்தம், மூலதனம் ஓடிப்போவது என்று மூன்றும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. நான் பென்சிலால் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முதலாளிப் பிள்ளை சொன்னதும் சும்மா கதை இல்லை. 2010 தென்னாபிரிக்க உலகக் கிண்ணத்தின் ஜபுலானி பந்து தைத்ததே இல்லை, சூட்டில் ஒட்டினது, சீனாவில் செய்தது. கைத்தையலுக்கு அது பெரிய அடி. பிறகு சியால்கோட்டிலும் ஒட்டுகிற தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தார்கள். 2014 பிரேசில் கிண்ணத்தின் பந்துகள் அங்கிருந்து போயின, 2022 பந்தும் அங்கே செய்ததுதான். 2014இல் வெளியான தொழிற்சாலைப் படங்களில் வரிசையாக நின்று வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், தலையை மூடியபடி. பாகிஸ்தான் அணி ஒரு உலகக் கிண்ண இறுதிச் சுற்றிலும் ஆடியதில்லை என்று சொன்னபோது பிள்ளைகளுக்கு அதிர்ச்சி. “அப்ப அவை ஆருக்கு சப்போர்ட் பண்ணுவினம்?” என்று ஒரு கேள்வி. தெரிந்தால் சொல்லுங்கோ.

கட்டார் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். அதற்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. ஆட்டம் தொடங்க முன்னம் அட்டையை கப்டனிடம் கொடுத்துவிட வேண்டும். கப்டன் திருப்பித் தந்தால்தான் அணி மாறலாம், தண்ணி குடிக்கப் போகலாம், வீட்டுக்குப் போகலாம். ஐந்து நிமிடத்தில் நல்ல கப்டன், கெட்ட கப்டன் என்று இரண்டு வகை வந்துவிடும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: கப்டன் நல்லவராக இருந்தால் போதுமா, விதியை மாற்ற வேணுமா? கஃபாலா முறை என்பது இதுதான். வேலைகொடுத்தவரின் அனுமதி இல்லாமல் வேலை மாற முடியாது, முன்பெல்லாம் நாட்டைவிட்டுப் போகவும் முடியாது. உலகக் கிண்ணத்தை ஒட்டி எழுந்த அழுத்தத்தில் 2020இல் கட்டார் வேலை மாறுவதற்கான அனுமதி விதியை எடுத்தது. 2021 மார்ச்சிலிருந்து மாதம் ஆயிரம் ரியால் அடிப்படைக் குறைந்தபட்சச் சம்பளம் கொண்டுவந்தது. நடைமுறையில் எவ்வளவு மாறியது என்பதில் மனித உரிமை அமைப்புகள் திருப்தியாக இல்லை.

இங்கே எங்களுக்குள் ஒரு விஷயம். “ஸ்டேடியம் கட்டி 6,500 பேர் செத்தார்கள்” என்று நாங்கள் பதாகை எழுதினோம், பகிர்ந்தோம். கார்டியன் பத்திரிகை 2021 பெப்ரவரியில் சொன்னது வேறு: இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்காளதேசம், இலங்கை என்ற ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்ட தொழிலாளர் 2010இன் கடைசியிலிருந்து கட்டாரில் இறந்திருக்கிறார்கள். எல்லா வேலையும், எல்லாக் காரணமும் அதில் அடங்கும். பலருக்குக் காரணம் “இயற்கை மரணம்” என்று எழுதி, பிரேத பரிசோதனைகூடச் செய்யவில்லை. எனக்கு அதுதான் பெரிய அநியாயம், ஏன் செத்தார் என்று தேடக்கூட ஒருவரும் இல்லாத சாவு. இலக்கத்தைத் துல்லியமாகச் சொன்னால் குற்றம் குறையாது. பிள்ளைகளிடம் சாவு எண்ணிக்கை ஒன்றும் நான் சொல்வதில்லை, அட்டை விளையாட்டோடு நிறுத்திவிடுவேன். ஒரு தமிழ்ப் பிள்ளை அன்றைக்கு, “என்ர மாமாவும் கட்டார்ல நிண்டவர், அவரின்ர பாஸ்போர்ட்டையும் வாங்கி வைச்சவை” என்று தானாகவே சொன்னது. அதுக்குப் பிறகு மற்றப் பிள்ளைகள் அதனிடம்தான் கேள்வி கேட்டார்கள். நான் தேவைப்படவில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனிப் பேச்சாக இருக்க வேண்டியது. பையன்கள் பாஸ் கொடுக்கமாட்டார்கள். புத்திமதி சொல்லி வேலையில்லை. “அணியில் எல்லாரும் பந்தைத் தொட்டால்தான் கோல் கணக்கு” என்று விதி வைத்தோம், இரண்டு கிழமையில் சரிவந்தது. பிறகு டிக், கெர் பெண்கள் அணியின் கதை. பிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்கள். 1920 டிசம்பர் 26இல் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்களின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர். 1921இல் சுரங்கத் தொழிலாளர்களை முதலாளிகள் வெளியே பூட்டியபோது அந்தக் குடும்பங்களுக்காக ஆடிக் காசு சேர்த்தார்கள். அந்த வருடமே டிசம்பர் 5இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடைபோட்டது. தடை எடுபட ஐம்பது வருடம் சென்றது. ஏன் தடுத்தார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டால், “பயம்” என்பார்கள். என்ன பயம் என்று கேளுங்கோ, அங்கேதான் கதை தொடங்கும்.

இனி எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கே நான் ஐந்தாம் வகுப்புக்கு உதவி ஆசிரியர். உலக வரைபடத்தோடு ஒரு பயிற்சி செய்தோம். ஐ.நா.வில் 193 நாடுகள். ஃபிஃபாவில் 211 சங்கங்கள். எப்படிக் கூடியது? பிள்ளைகள் துப்பறிவாளர்கள் மாதிரித் தேடினார்கள். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஃபிஃபாவில் தனித்தனி, ஐ.நா.வில் ஒரே பிரித்தானியா. பலஸ்தீனம் 1998இலிருந்து ஃபிஃபாவில் இருக்கிறது, ஐ.நா.வில் இன்னும் முழு உறுப்பினர் இல்லை. கொசோவோ, ஜிப்ரால்டர் 2016இல் ஃபிஃபாவுக்குள் வந்தன. அப்படியென்றால் நாடு என்றால் என்ன? கொடியா? எல்லையா? மற்றவர்கள் ஒத்துக்கொள்வதா? அணி இருந்தால் நாடா?

வரும் என்று தெரிந்த கேள்வி வந்தது: “அக்கா, எங்களுக்கு ரீம் இருக்கா?”

இருக்கிறது. ஃபிஃபாவுக்கு வெளியே இருக்கிற கொனிஃபா என்ற அமைப்பின் போட்டிகளில் தமிழீழம் என்ற பெயரில் ஒரு அணி ஆடியிருக்கிறது, புலம்பெயர்ந்த பிள்ளைகளைக் கொண்ட அணி. 2018இல் அந்த உலகக் கிண்ணம் இங்கே லண்டனில்தான் நடந்தது. நடத்தியது பராவா, அதுவும் சோமாலியப் புலம்பெயர் மக்களின் அணி. புதன்கிழமைக் கழகத்துச் சோமாலிப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது அவர்கள் துள்ளியதைப் பார்க்க வேணும்.

ஆனால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அந்தக் கேள்விக்குப் பிறகு என்ன செய்வது என்பதில் எங்கட ஆசிரியர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஒரு அண்ணா, “நல்ல சந்தர்ப்பம், வரலாறு முழுக்கச் சொல்லிக் கொடுப்பம், அடுத்த ஊர்வலத்துக்கும் கூட்டிக்கொண்டு போவம்” என்றார். ஒரு அம்மா, “அரசியல் வேண்டாம், தமிழ் படிக்கத்தான் அனுப்பினனாங்கள்” என்றார். இரண்டுக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

2009 சித்திரையில் பாராளுமன்றச் சதுக்கத்தில் இந்த அறையிலிருக்கிற பலரும் பிள்ளைகளாக நின்றிருக்கிறோம். எனக்குப் பத்து வயது. அங்கே கொண்டுபோனதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். வன்னியில் செல் விழுந்துகொண்டிருந்தது, எங்கட பெற்றோருக்கு வேறு எங்கே போக இருந்தது? ஆனால் அந்த வருடமும் அதற்குப் பிறகும் எங்கள் கையில் பதாகை கொடுத்தார்கள், மேடையில் ஏற்றிக் கவிதை சொல்ல வைத்தார்கள், ஒருவரும் எங்களைப் பார்த்து, “நீ என்ன நினைக்கிறாய், உனக்கு என்ன விளங்கேல்லை?” என்று கேட்கவில்லை. அப்படி வளர்ந்த என் வயதுக்காரர் பலர் பதினாறு வயதில் எல்லாவற்றையும் விட்டு ஓடினார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சப்பேர்தான், அதில் பாதி இங்கே இருக்கிறீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன், பந்தைப் பிடித்து அதற்குள் எங்கட சுலோகத்தை அடைத்து உருட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். பிறகு பந்தும் பிடிக்காமல் போகும். அந்த வகுப்பில் நாங்கள் கடைசியில் செய்தது இதுதான்: கேள்விகளை எழுதிச் சுவரில் ஒட்டினோம். “ஏன் எங்கட ரீம் ஃபிஃபாவில இல்லை?” “அம்மம்மா பிறந்த ஊர் எந்த ரீம்?” “நான் இங்கிலாந்துக்கு சப்போர்ட் பண்ணினால் பிழையா?” வீட்டில் போய்க் கேட்டுக்கொண்டு வரச் சொன்னோம். அடுத்த கிழமை வந்த பதில்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒரு அப்பா வரலாறு சொல்லியிருந்தார். ஒரு வீட்டில் அழுதிருக்கிறார்கள். ஒரு அம்மம்மா, தான் சின்னவயதில் பந்தடிக்க ஆசைப்பட்டு அடி வாங்கின கதையைச் சொல்லி அனுப்பியிருந்தார்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் சிலர் இதைப் பள்ளிகளில் தொடங்கப்போகிறீர்கள். இங்கிலாந்தில் 1996 கல்விச் சட்டத்தின் 406, 407ஆம் பிரிவுகள் பள்ளியில் ஒருபக்க அரசியல் கருத்தைப் பரப்பத் தடைசெய்கின்றன, சர்ச்சையான விஷயத்தில் வேறுபட்ட கருத்துகளையும் சமநிலையோடு முன்வைக்கச் சொல்கின்றன. 2015இலிருந்து பிரிவென்ட் கடமையும் இருக்கிறது. 2020 செப்டெம்பரில் அரசாங்கம் கொடுத்த ஒரு வழிகாட்டியில், முதலாளித்துவத்தை ஒழிக்க வேண்டும் என்று பகிரங்கமாகச் சொல்கிற அமைப்புகளின் பாடப்பொருட்களைப் பள்ளிகள் பயன்படுத்தக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். சிரிக்காதீங்கோ, அது நாங்கள்தான். ஆகவே பயிற்சி அட்டைகளில் எங்கட கூட்டின் பெயரைப் போட முடியாது. ஒளித்துச் செய்யுங்கோ என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு திட்டத்தையும் தலைமை ஆசிரியருக்கு முன்கூட்டியே காட்டுகிறேன், பெற்றோர் கேட்டாலும் காட்டுவேன். சியால்கோட்டில் என்ன நடந்தது, 1966இல் எத்தனை இடம், 1921இல் ஆர் தடைபோட்டது எல்லாம் நடந்த விஷயங்கள், அதைச் சொல்ல ஒரு சட்டமும் தடுக்கவில்லை. பிரச்சினை சட்டத்தைவிட ஆசிரியர்களின் பயத்தில் இருக்கிறது. ஒரு பிள்ளை பலஸ்தீன அணியின் சட்டையை வரைந்தபோது அதைச் சுவரில் ஒட்டலாமா என்று பெரியவர்கள் மூன்று பேர் அரை மணித்தியாலம் கதைத்தார்கள். பக்கத்தில் உக்ரேன் சட்டை ஏற்கெனவே ஒட்டியிருந்தது. பிள்ளைகள் அதைக் கவனித்தார்கள். கடைசியில் இரண்டும் ஒட்டப்பட்டது, ஃபிஃபா பட்டியலைக் காட்டித்தான் ஒப்பேற்றினோம்.

இப்போது எனக்குத் தேவையானது. சனிக்கிழமைகளில் வரக்கூடிய ஆறு பேர், அதில் குறைந்தது மூன்று பெண்கள். பந்து நல்லா அடிக்கத் தெரிய வேண்டியதில்லை, எனக்கும் தெரியாது. அட்டைகளைத் தமிழில் எழுத இரண்டு பேர், பத்து வயதுப் பிள்ளை வாசிக்கக்கூடிய தமிழில். நாங்கள் அறிக்கை எழுதுகிற தமிழ் வேண்டாம். சியால்கோட் தையல்காரப் பெண்கள் தாங்களே பேசுகிற காணொளிகளை உருதுவிலிருந்தோ பஞ்சாபியிலிருந்தோ மொழிபெயர்க்கக்கூடிய நண்பர்கள் ஆருக்காவது இருந்தால் அறிமுகப்படுத்துங்கோ, இதுவரை அவர்களுக்காக நாங்கள்தான் கதைத்துக்கொண்டிருக்கிறோம். ஃபெல்ட் துணி இருக்கிறது. ஊசி வாங்குகிறவர்கள் மழுங்கினதாகப் பார்த்து வாங்குங்கோ, போனமுறை வாங்கினது குத்திப்போட்டுது.